பதினான்காவது நிமிடத்தில் நடந்தது: தெரபிஸ்ட்களைப் பழக்குவது பற்றிச் சில குறிப்புகள்

ஓர் உளவியல் சிகிச்சை செஷனின் ரெக்கார்டிங். பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வகைதான். விவரங்கள் மட்டும் இங்கே புனைந்தவை. பதினான்காவது நிமிடத்தில் கிளையண்ட் சொல்கிறார்: "எங்க வீட்ல இதையெல்லாம் யாரும் பேச மாட்டாங்க." பயிற்சியில் இருக்கும் தெரபிஸ்ட் உடனே, கனிவான குரலில்: "இல்லைங்க, மனசுக்குள்ளயே வச்சிருந்தா கஷ்டம்தான். பேசினாத்தான் லேசாகும்." பதினோரு விநாடி மௌனம். பிறகு கிளையண்ட், "ஆமாங்க, நீங்க சொல்றது சரிதான்" என்கிறார். அதன்பின் மீதி அரை மணி நேரமும் வேலை, தூக்கம், தலைவலி என்று ஆபத்தில்லாத பேச்சு. மாணவர் தன் குறிப்பில் எழுதியிருப்பது: 'கிளையண்ட் நன்றாக ஒத்துழைத்தார்.'

இந்த இருபது விநாடியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, உறவில் விழுந்த விரிசல்: கிளையண்ட் ஒரு கதவை லேசாகத் திறந்தார், அது சாத்தப்பட்டதும் மரியாதையாகப் பின்வாங்கினார். இரண்டாவது, 'பேசினால் லேசாகும்' என்பது எல்லோருக்கும் பொதுவான விதி அல்ல. மாணவர் வளர்ந்த வீடும் படித்த பாடமும் கொடுத்த நம்பிக்கை. பேசாமல் இருப்பது அந்தக் குடும்பத்தில் மரியாதையா, பயமா, ஒருவரை ஒருவர் காப்பாற்றும் வழியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன்பே, அது குறை என்று தீர்ப்பாகிவிட்டது.

பல பயிற்சித் திட்டங்கள் இவற்றை வேறு வேறு பாடவேளைகளில் வைக்கின்றன. உறவு சார்ந்த சிகிச்சைமுறை வாராவாரம் நடக்கும். பண்பாடு என்பது வெளியிலிருந்து ஒருவர் வந்து ஸ்லைடு போட்டுப் பேசிவிட்டுப் போகும் ஒருநாள் நிகழ்ச்சி. எங்கள் அனுபவத்தில் கோளாறு இங்கேயே தொடங்குகிறது. ஒருநாள் வகுப்பில் மாணவர் 'மற்றவர்களின்' பண்பாட்டைப் பற்றிக் குறிப்பெடுக்கிறார். தன்னுடையதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அவருடைய பண்பாடு வெளிப்படுகிற இடமோ, பதினான்காவது நிமிடத்தில் அவர் யோசிக்காமல் சொன்ன அந்த ஒரு வாக்கியம்.

உறவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் சிகிச்சை மாற்றத்துக்குத் தேவையான நிபந்தனைகள் என்று ஆறைப் பட்டியலிட்டபோது, முதல் நிபந்தனையே இரண்டு பேருக்கு இடையில் உளவியல் தொடர்பு இருப்பதுதான். எட்வர்ட் போர்டின் 1979-இல் சிகிச்சைக் கூட்டணியை, அதாவது தெரபிஸ்டும் கிளையண்டும் சேர்ந்து வேலை செய்யும் உறவை, மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையிலான பிணைப்பு. 2018-இல் ஃப்ளூகிகரும் சகாக்களும் 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கூட்டணியின் தரத்துக்கும் சிகிச்சைப் பலனுக்கும் உள்ள தொடர்பு ஏறக்குறைய 0.28 என்று வந்தது (முழுத் தொடர்பு இருந்தால் 1). பிரமாண்டமான எண் அல்ல. ஆனால் சிகிச்சைமுறை எதுவானாலும் திரும்பத் திரும்ப வரும் எண். பயிற்சிக்கு இதில் பயன்படுவது போர்டினின் பிரிப்புதான். மேலே உள்ள ரெக்கார்டிங்கில் பிணைப்பு உடைந்ததாகத் தோன்றாது, குரல் கனிவாகத்தான் இருக்கிறது. உடைந்தது 'என்ன செய்யப்போகிறோம்' என்ற இரண்டாவது ஒப்புதல். பேச வேண்டும் என்று தெரபிஸ்ட் தனியாக முடிவெடுத்துவிட்டார். கனிவை வைத்து உறவை அளக்கும் மாணவருக்கு இது காதில் விழவே விழாது.

ரெக்கார்டிங்கை வைத்து வேலை செய்வது

நினைவிலிருந்து சொல்லும் கேஸ் விவரிப்பை நம்பிப் பயிற்சி நடத்தக் கூடாது. மாணவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. அந்தப் பதினோரு விநாடி மௌனம் அவர் நினைவிலேயே இருக்காது. ஆகவே ஆடியோ ரெக்கார்டிங் அவசியம், முடிந்தால் வீடியோ. கிளையண்டிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்கும்போது நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: யார் கேட்பார்கள், எங்கே வைத்திருப்போம், எப்போது அழிப்போம், மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது. கடைசியைச் சொன்னால் மட்டும் போதாது. தெரபிஸ்டைத் தன்னைவிட மேலே வைத்துப் பார்க்கும் கிளையண்ட் எதற்கும் சரி என்பார். அதனால் கேட்ட அன்றே கையெழுத்து வாங்காமல், படிவத்தைக் கொடுத்தனுப்பி அடுத்த செஷனில் வாங்குவது நல்லது. ஒன்றிரண்டு பேர் மறுக்கத் தொடங்கினால்தான் அது உண்மையான சம்மதம் என்று நம்பலாம்.

வகுப்புக்கு முழு செஷன் வேண்டாம். ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பகுதி ஒன்று போதும். அதை மாணவரே சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்துகொண்டு வர வேண்டும். 'ம்', 'ஆங்', இருமல், விநாடிக் கணக்கில் மௌனம் எல்லாம் சேர்த்து. ஏழு நிமிடத்தைத் தட்டச்சு செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். செயலியை வைத்து எழுதிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கற்றுக்கொள்வதில் பாதி அந்தத் தட்டச்சிலேயே நடந்துவிடுகிறது. தன் குரல் எங்கே அவசரப்படுகிறது என்பது நாலாவது தடவை பின்னோக்கி ஓட்டிக் கேட்கும்போதுதான் காதில் விழும். செயலிகள் மௌனத்தையும் பேச்சுவழக்கையும் 'சரிசெய்து' கொடுப்பது இன்னொரு சிக்கல்.

தட்டச்சு செய்த தாளில் நான்கு பத்திகள் (காலம்கள்), பக்கத்தில் பக்கத்தில். முதலாவதில் பேசியது. இரண்டாவதில் அந்த நொடியில் தெரபிஸ்டின் உடம்பிலும் மனதிலும் ஓடியது. மூன்றாவதில், தான் பேசிய வரியின் அடியில் இருக்கும் நம்பிக்கை, ஒரே வாக்கியத்தில்: 'பேசினால் லேசாகும்', 'வயதானவரைக் குறுக்கே மறிக்கக் கூடாது', 'ஆண் அழுதால் நிலைமை மோசம்', 'சொந்தக் காலில் நிற்பதுதான் வளர்ச்சி'. நான்காவதில், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது: யார் சொன்னார்கள், எந்த வயதில்.

மூன்றாவது பத்தியில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். முதல் இரண்டு மாதம் அதில் கோட்பாட்டைத்தான் எழுதி நிரப்புவார்கள்: 'எம்பதி காட்டினேன்', 'நார்மலைஸ் செய்தேன்'. அவை நம்பிக்கைகள் அல்ல, டெக்னிக்கின் பெயர்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் எதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள்?" பதில் வந்துவிடும். 'அவர் அழுதுவிடுவாரோ என்று.' 'நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று.' அதற்குப் பிறகு நான்காவது பத்தி தானாக நிரம்பும்.

குழுவில் இதைக் கேட்கும்போது நார்மன் கேகன் 1960-களில் உருவாக்கிய இன்டர்பெர்சனல் ப்ராசஸ் ரீகால் முறையைப் பின்பற்றுவது உசிதம். பிளேயரை நிறுத்தும் உரிமை மாணவருக்கு மட்டும்தான். நிறுத்தியதும் எதிரில் இருப்பவர் விசாரிக்கிறார், அறிவுரை சொல்வதில்லை: அந்த நேரம் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? அவர் உங்களை எப்படிப் பார்க்கிறார் என்று தோன்றியது? சொல்ல நினைத்து விழுங்கியது எது? 'நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்' என்ற கேள்விக்கு இடமில்லை. 'ஏன்' வந்தால் மாணவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். இந்தக் கட்டுப்பாட்டை முதலில் உடைப்பது பெரும்பாலும் சூப்பர்வைசர்தான், அதாவது மாணவரின் செஷன்களைக் கேட்டு வழிகாட்டும் மூத்தவர். பதில் தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருபது நிமிடம் உட்காருவது லேசுப்பட்ட காரியமல்ல.

எட்டுப் பேருக்கு மேல் குழு இருந்தால் இது நடக்காது. ஆறு பேர் வசதியான எண்ணிக்கை. இரண்டரை மணி நேர வகுப்பில் ஒருவருடைய ரெக்கார்டிங் மட்டுமே, தொண்ணூறு நிமிடம். மீதி நேரம் கீழே சொல்லப்போகும் பயிற்சிகளுக்கு. ஒரே நாளில் மூன்று பேரை முடித்துவிடலாம் என்று இறங்கினால் மூன்றும் மேலோட்டமாகப் போய்விடும்.

தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் பயிற்சிகள்

பண்பாட்டுக் குடும்ப வரைபடம் என்று ஒன்று உண்டு. குடும்ப உறவுகளைத் தலைமுறை வாரியாக வரையும் ஜெனோகிராமின் நீட்சி, கென்னத் ஹார்டியும் ட்ரேசி லாஸ்லாஃபியும் 1995-இல் பயிற்சிக்கென்றே எழுதியது. மூன்று தலைமுறை வரைய வேண்டும். பிறப்பால் வந்த ஒவ்வொரு பண்பாட்டுக் குழுவுக்கும் ஒரு நிறம். ஒருவரில் இரண்டு கலந்திருந்தால் வட்டத்தை இரண்டு நிறத்தாலும் நிரப்ப வேண்டும். பிறகு அந்தக் குழுக்களில் எவை பெருமைக்குரியவை, எவை அவமானத்துக்குரியவை என்று கருதப்பட்டன என்பதைக் குறியீடுகளாக வரைபடத்திலேயே போட வேண்டும். வரைய இரண்டு மணி நேரம், குழுவில் வைத்துப் பேச நாற்பத்தைந்து நிமிடம்.

நடைமுறையில் இது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, பரம்பரைப் பெருமை ஊர்வலமாகிவிடும்: தாத்தா எப்படிப்பட்டவர், வீடு எவ்வளவு பெரியது. பெருமைக் குறியீடு பத்து, அவமானக் குறியீடு ஒன்றுகூட இல்லை. அப்போது 'உங்கள் குடும்பத்தில் யாரைப் பார்த்து அவங்கள மாதிரி ஆயிடாதன்னு சொல்வாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். குடும்பம் எதை அவமானமாகப் பார்த்தது என்பது அந்த 'அவங்க'வில்தான் இருக்கும். இரண்டாவது கெடுதல் இன்னும் மோசம். ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வந்த ஒரே மாணவர் தன் வரைபடத்தை வைத்ததும், மற்ற ஐந்து பேரும் அவரைப் பாடப்புத்தகமாக்கிக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். பரிவோடுதான் கேட்பார்கள், அந்தப் பரிவுதான் அவரைத் தனிமைப்படுத்தும். அதைத் தடுக்க மூன்று விதிகள் போதும். முதலில் வைப்பவர் பயிற்றுநர், அதாவது குழுவில் அதிகாரம் அதிகம் உள்ளவர். எதையும் 'இதை இங்கே சொல்லவில்லை' என்று காரணமின்றித் தாண்டிப்போக எல்லோருக்கும் உரிமை. கேட்பவர்கள் அவரைப் பற்றிக் கேள்வி கேட்பதற்குப் பதில், அதைக் கேட்டபோது தனக்குள் என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சங்கடம், குற்ற உணர்வு, எரிச்சல், 'எனக்கு இது புதுசில்லை', எதுவானாலும்.

பமீலா ஹேஸ் அமெரிக்காவில் உருவாக்கிய ஒரு பட்டியலும் பரவலாகப் பயன்படுகிறது: வயது, பிறவியிலோ பிற்பாடோ வந்த உடற்குறைபாடு, மதம், இனம், பொருளாதார நிலை, பாலீர்ப்பு, பூர்வகுடி மரபு, பிறந்த நாடு, பாலினம். ஒவ்வொன்றிலும் தான் சலுகை உள்ள பக்கமா, இல்லாத பக்கமா என்று எழுதுவது பயிற்சி. பட்டியல் பயனுள்ளது, அப்படியே கடன் வாங்குவது பயனில்லாதது. அதில் சாதிக்கென்று தனி இடம் இல்லை. பேச்சுவழக்கு இல்லை, ஒருவர் வாயைத் திறந்ததும் அவர் எந்தப் பக்கத்து ஆள், என்ன படித்தவர் என்று கேட்பவர் மனதுக்குள் முடிவுகட்டிவிடும் மொழிகளில் அது எவ்வளவு பெரிய விடுபடல்! ஆகவே முதல் வேலையாகக் குழுவையே பட்டியலைத் திருத்தச் சொல்வது வழக்கம். எதைச் சேர்க்கிறார்கள் என்பதைவிட, எதைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதைப் பயிற்றுநர் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாத வகுப்பு அதுதான்.

எழுதி முடித்ததும் நீளத்தைப் பாருங்கள். தனக்குக் காயம் பட்ட தலைப்பில் ஒரு பக்கம் இருக்கும். தனக்குச் சலுகை உள்ள தலைப்பில் 'இதில் பெரிதாக எதுவும் இல்லை' என்று ஒரு வரி. செஷனில் தவறு நடப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரித் தலைப்பில்தான். பயிற்சி நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் பதினாறு கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்றை வெளியிட்டது. மாணவர்கள் அதைப் படிவம்போல வரிசையாக வாசித்து, கிளையண்டைக் களைக்க வைத்துவிடுவார்கள். அதைக் கையில் கொடுக்கும் முன், தங்களுடைய ஏதாவது ஒரு உண்மையான சிரமத்தை வைத்து அவர்களே பதினாறுக்கும் பதில் எழுதட்டும். கடைசிக் கேள்வி, வேறு வேறு பின்னணியிலிருந்து வருவதால் நமக்குள் தவறான புரிதல் வரலாம், அதைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கிறதா என்ற பொருளில் வரும். சக மாணவர் முகத்தைப் பார்த்து அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லச் சொன்னால், பத்துக்கு எட்டுப் பேர் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்கள். கிளையண்டும் அதைத்தான் சொல்வார் என்பது அப்போது புரியும்.

தமிழில் செஷன் நடத்துபவர்களுக்கு ஒன்று. 'நீ'யா 'நீங்க'ளா, பெயர் சொல்லியா, அக்கா, அண்ணா, சார், மேடம், டாக்டர் என்றா என்பது முதல் நிமிடத்திலேயே உறவின் உயரத்தை நிர்ணயித்துவிடுகிறது. பாடநூல்களில் இதற்குப் பதில் இருக்காது. ஐந்து நிமிட ரோல் ப்ளே ஒன்றை மூன்று முறை நடத்துங்கள். அதே காட்சி, அதே பிரச்சினை, அழைக்கும் சொல் மட்டும் வேறு. கிளையண்டாக நடித்தவரிடம் ஒவ்வொரு முறையும் எதைச் சொல்ல முடிந்தது, எது தொண்டையில் நின்றது என்று கேளுங்கள். இருபது வயதுக்காரரை 'நீ' என்று அழைத்தால் நெருக்கம் வரும் என்று நினைத்த மாணவருக்கு, அது பள்ளி ஆசிரியரின் குரலாகக் கேட்டது என்று தெரியவரும். தன்னைவிட மூத்த கிளையண்ட் 'தம்பி' என்று அழைக்கும்போது தெரபிஸ்ட் சின்னப் பையனாகச் சுருங்கிவிடுவதும் இதில்தான் பிடிபடும். இன்ன சொல்தான் சரி என்று விதி போட வேண்டாம். கிளையண்டிடமே கேட்கலாம், மாறும்போது கவனிக்கலாம்; பன்னிரண்டாவது செஷனில் திடீரென்று 'சார்' காணாமல் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

விரிசலைக் கண்டுபிடிப்பது, ஒட்டுவது

ஜெரமி சாஃப்ரானும் கிறிஸ்டஃபர் முரானும் கூட்டணியில் வரும் விரிசலை இரண்டு வகையாகப் பார்த்தார்கள். ஒன்று எதிர்ப்பு: கிளையண்ட் நேரடியாகக் குறை சொல்வார், கோபப்படுவார். இன்னொன்று பின்வாங்கல்: சுருக்கமான பதில், பேச்சு மாற்றம், அளவுக்கு மீறிய ஆமோதிப்பு. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது தவறு என்று வளர்ந்த கிளையண்டிடம் முதல் வகையைப் பார்ப்பது அபூர்வம். அவருடைய கோபம் 'நீங்க சொல்றது சரிதான்' என்ற வடிவில்தான் வரும். ஐந்து நிமிடம் தாமதமாக வருவார். அடுத்த வாரம் வர முடியாது என்று குறுஞ்செய்தி அனுப்புவார், மிக மரியாதையான வார்த்தைகளில்.

ஆகவே முதல் பயிற்சி காதுக்கு. ஒரு ரெக்கார்டிங்கில் 'ஆமா', 'சரி', 'கண்டிப்பா' வரும் இடங்களையெல்லாம் மாணவர் குறிக்கட்டும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கிளையண்ட் அதே விஷயத்தில் இன்னொரு விவரம் சேர்த்தாரா, பேச்சை மாற்றினாரா? விவரம் சேர்த்தால் அது ஆமோதிப்பு. மாற்றினால் பின்வாங்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். முரட்டுத்தனமான அளவுகோல்தான், ஆனால் புதியவர்களுக்கு இதுவே பெரிய கண்திறப்பு.

இரண்டாவது பயிற்சி வாய்க்கு. விரிசலைக் கண்டதும் மாணவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் அநேகமாக இதுதான்: "நான் இப்போ சொன்னது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" பதில் தயாராக இருக்கும்: "நல்லா இருந்துச்சுங்க." விஷயம் முடிந்தது. காரணம், அந்தக் கேள்வி பாரத்தைக் கிளையண்ட் தலையில் வைக்கிறது. தெரபிஸ்டைக் குறை சொல்லும் வேலையை அவரே செய்ய வேண்டியிருக்கிறது. தெரபிஸ்ட் தன் பங்கை முதலில் எடுத்து வைத்தால் நிலைமை மாறும்: "கொஞ்ச நேரம் முன்னாடி வீட்ல பேச மாட்டாங்கன்னு சொன்னீங்க. நான் அதைக் கேட்டு முடிக்காமலே பேசணும்னு சொல்லிட்டேன். அது என்னோட அவசரம். பேசாம இருக்கிறதுக்கு உங்க வீட்ல ஒரு அர்த்தம் இருக்கும்." இதில் நடந்ததன் சரியான இடம் இருக்கிறது, தெரபிஸ்டின் பங்கு இருக்கிறது, மிகையான மன்னிப்பு இல்லாமல், கிளையண்ட் தொடர விரும்பினால் தொடர ஒரு வழி இருக்கிறது, கேள்விக்குறி இல்லாமல். மூன்று பேராக உட்கார்ந்து, ஒருவர் கிளையண்ட், ஒருவர் தெரபிஸ்ட், ஒருவர் கடிகாரம் பார்ப்பவராக, இந்த ஒரு வாக்கியத்தொகுதியை மட்டும் இரண்டு நிமிடச் சுற்றுகளாகப் பத்துத் தடவை செய்ய வேண்டும். நாலாவது சுற்றில் சிரிப்பு வரும், ஏழாவதில் மனப்பாடமாக ஒலிக்கும், அதையும் தாண்டினால்தான் அவரவர் சொந்தச் சொற்கள் வரத் தொடங்கும்.

அளவு மீறுவதும் உண்டு. மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்ட மாணவர் ஒவ்வொரு செஷனிலும் மூன்று முறை மன்னிப்புக் கேட்பார். கிளையண்ட் அவரைத் தேற்றத் தொடங்குவார். சாதியோ மதமோ வர்க்கமோ குறுக்கே இருக்கும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். தெரபிஸ்டின் குற்ற உணர்வைச் சுமப்பது கிளையண்டின் வேலையாகிவிடும். அந்தக் குற்ற உணர்வைச் சொல்ல வேண்டிய இடம் சூப்பர்விஷன். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம்.

தன் உணர்வைக் கருவியாக்கும்போது

பவுலா ஹெய்மன் 1950-இல், கிளையண்டைப் பற்றித் தெரபிஸ்டுக்கு எழும் உணர்வு அவரைப் புரிந்துகொள்ள ஒரு முக்கியமான கருவி என்று எழுதினார். உறவு சார்ந்த பயிற்சியில் இந்தக் கருத்து இல்லாமல் நகர முடியாது. அரைகுறையாகக் கற்றவர் கையில் இது ஆபத்தான கருத்தும்கூட. செஷனில் சலிப்பு வந்தால் 'கிளையண்ட் தன் உணர்வைத் துண்டித்துக்கொள்கிறார், அதுதான் எனக்குச் சலிப்பாக வருகிறது' என்று ஒரு மாணவர் எழுதுவார். இருக்கலாம். அந்தக் கிளையண்டின் பேச்சுவழக்கைக் கேட்டதும் மாணவருக்குக் கவனம் தளர்ந்ததாகவும் இருக்கலாம். எரிச்சல், பரிதாபம், அளவுக்கு மீறிய மரியாதை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வர்க்கப் பார்வையைக் கவுண்டர்-ட்ரான்ஸ்ஃபரன்ஸ் (கிளையண்டைப் பற்றித் தெரபிஸ்டுக்கு எழும் உணர்வு) என்று பெயர் மாற்றிக் கிளையண்ட் மேல் போடுவது, இந்தத் துறையில் நாகரிகமாக நடக்கும் பெரிய தவறு.

ஆகவே எந்த உணர்வையும் கிளையண்டிடமிருந்து வந்ததாக எழுதும் முன் மூன்று கேள்விகள். எந்த நிமிடத்தில் தொடங்கியது, அதற்குச் சற்று முன்பு என்ன பேசப்பட்டது? என் வாழ்க்கையில் இதே உணர்வு வேறு யார் முன்னால் வரும்? இதே வார்த்தைகளை என்னைப் போன்ற உடையும் பேச்சும் உள்ள ஒருவர் சொல்லியிருந்தால் வந்திருக்குமா? மூன்றாவதற்கு 'தெரியாது' என்று பதில் வந்தால், அந்த உணர்வை வைத்துக் கிளையண்டிடம் எதுவும் சொல்லக் கூடாது. சூப்பர்விஷனுக்குத்தான் கொண்டுவர வேண்டும்.

சூப்பர்விஷன் அறைக்குள் இருக்கும் அதிகாரம்

மெலனி டெர்வாலனும் ஜான் மர்ரே-கார்சியாவும் 1998-இல் பண்பாட்டுத் 'திறன்' என்பதற்குப் பதிலாகப் பண்பாட்டுப் 'பணிவு' என்ற சொல்லை முன்வைத்தார்கள். ஒருமுறை படித்துத் தேர்ச்சி பெற்று முடித்துவிடும் விஷயம் அல்ல, வாழ்நாள் முழுக்கத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, அதிகார ஏற்றத்தாழ்வைக் குறைக்க முயல்வது என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம். மாணவரிடம் பணிவைக் கேட்கும் நிறுவனங்கள் சூப்பர்வைசரிடம் அதைக் கேட்பதில்லை என்பதுதான் விசித்திரம். குரு சொன்னால் மறுபேச்சில்லை என்ற வழக்கத்தில் வளர்ந்த மாணவர், 'கிளையண்ட் உங்களை எதிர்த்துப் பேச இடம் கொடுங்கள்' என்ற பாடத்தைத் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பார். அந்த வகுப்பில் அவர் கற்றுக்கொள்வது எதை?

லடானியும் சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சூப்பர்வைசரிடம் அதிகம் மறைத்த விஷயங்களில் முன்னால் நின்றது சூப்பர்வைசர் மேலேயே அவர்களுக்கு இருந்த எதிர்மறை உணர்வு. அதைக் கேட்டு வாங்க முடியாது. சூழலை மாற்றத்தான் முடியும். மதிப்பெண் போடுபவரும் சூப்பர்வைசரும் வேறு வேறு ஆளாக இருப்பது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். ஆள் போதாமல் அது முடியாத இடத்தில், எது மதிப்பீட்டுக்குப் போகும், எது போகாது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும். மாணவர்கள் தங்களைப் பற்றிப் பேசும் குழு அனுபவ வகுப்பை நடத்துபவர் எந்தக் காரணத்துக்காகவும் மதிப்பெண் குழுவில் உட்காரக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

சூப்பர்விஷனில் கவனிக்க வேண்டிய ஏழு இடங்களைச் சொல்லும், ஹாக்கின்ஸ், ஷோஹெட் இருவரின் ஏழு கண் மாதிரி துறையில் பலருக்கும் தெரிந்ததே: கிளையண்ட், தெரபிஸ்ட் செய்தது, அவர்களுக்கு இடையிலான உறவு, தெரபிஸ்டின் உள்ளே நடந்தது, சூப்பர்விஷன் உறவு, சூப்பர்வைசரின் உள்ளே நடந்தது, சுற்றியுள்ள சூழல். நடைமுறையில் முதல் இரண்டு கண்ணில் ஐம்பது நிமிடமும் தீர்ந்துவிடும். ஐந்தாவது கண்ணுக்குப் பத்து நிமிடம் கட்டாயமாக ஒதுக்கி, அதை செஷனின் நடுவில் வைத்துவிடுவது ஒரு வழி. கடைசியில் வைத்தால் நேரமில்லை என்று போய்விடும். ஹெரால்ட் சியர்ல்ஸ் 1955-இலேயே கவனித்தது இங்கே உதவும்: கிளையண்டுக்கும் தெரபிஸ்டுக்கும் நடப்பது சூப்பர்விஷனிலும் பிரதிபலிக்கும். மேலே சொன்ன மாணவர், சூப்பர்வைசர் அந்தப் பதினோரு விநாடியைச் சுட்டிக்காட்டியதும் என்ன சொன்னார்? "ஆமாங்க மேடம், நீங்க சொல்றது சரிதான்." அதைக் கேட்டதும் சூப்பர்வைசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய அவசரத்தைச் சொல்ல வேண்டிய இடம் அது.

முன்னேற்றத்தை எதை வைத்துப் பார்ப்பது? கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் அழகாக எழுதுவார்கள். இரண்டாம் மாத ரெக்கார்டிங், ஒன்பதாம் மாத ரெக்கார்டிங், தலா ஏழு நிமிடம், பக்கத்தில் பக்கத்தில். தெரபிஸ்ட் பேசிய நேரம் எவ்வளவு, கிளையண்ட் முடித்த பிறகு எத்தனை விநாடி பொறுத்தார், பண்பாடு தொடர்பாகக் கிளையண்ட் திறந்த கதவுகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குள் நுழைந்தார் என்று எண்ணலாம். கூடவே கிளையண்ட் ஒவ்வொரு செஷன் முடிவிலும் நிரப்பும் நான்கு கேள்வி மதிப்பீட்டுத் தாள். நாற்பதுக்கு முப்பத்தாறுக்குக் கீழே போனால் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதல். ஆனால் எட்டு வாரமும் நாற்பதுக்கு நாற்பது போட்டால் கொண்டாட ஒன்றுமில்லை. அது மரியாதைக்குப் போட்ட மார்க். தாளை தெரபிஸ்ட் கண்ணெதிரே நிரப்பச் சொல்லாமல், 'எது இன்னும் நல்லா இருந்திருக்கலாம்னு ஒண்ணு எழுதுங்க' என்று ஒரு வரி சேர்த்தால் எண்கள் இறங்கத் தொடங்கும்.

பயிற்றுநர்களுக்கும் இதே வேலை உண்டு. மூன்று பேர் சேர்ந்துகொண்டு, மாதம் ஒருமுறை, மாணவரின் சம்மதத்தோடு எடுத்த தங்கள் சூப்பர்விஷன் ரெக்கார்டிங்கில் ஏழு நிமிடம், அதே நான்கு பத்தித் தாள். முதல் சில மாதங்களில் அதில் திரும்பத் திரும்பக் கேட்பது, மாணவர் தொடங்கிய வாக்கியத்தை சூப்பர்வைசர் முடித்துவைப்பது.